மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கா?

2014 ஜூன் 28. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் பலி. பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். 'இடி விழுந்துச்சு'ன்னு ஒரு கதை வேற!

பக்கத்துலயே நின்ன இன்னொரு டவரை 2016 நவம்பர்ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. அது ஆபத்துன்னு தெரிய 61 உயிர் போக வேண்டியிருந்தது மக்களே.

தூண் ஒரே நாள்ல எழும்பாது. கான்கிரீட் ஊத்தும்போது எடுக்குற க்யூபை 28-ஆம் நாள் உடைச்சுப் பார்த்தாலே அதோட பலம் தெரிஞ்சிடும் (சிவில் படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க). அந்த ரிசல்ட்டை சைட்டுக்கே போய் மாசாமாசம் கேட்க ஆய்வாளர் வேண்டும். முன்கூட்டியே சொல்லாமல் போக வேண்டும். சொல்லிட்டுப் போனா, அன்னைக்கு மட்டும் எல்லார் தலையிலயும் புது ஹெல்மெட் இருக்கும்!

ஒவ்வொரு ஆய்வறிக்கையையும் ஆன்லைனில் வெளியிடு. வீடு வாங்குறவங்களும் படிக்கட்டும், சாரத்துல ஏறுறவங்களும் படிக்கட்டும்.

#கட்டடப்பாதுகாப்பு