புருவத்தில் ஏறும் ஊசி: அரை நிரந்தரமா, நிரந்தரமா?



திருமணப் பருவம் நெருங்கினால் எங்கள் மதரஸாவின் பெண்கள் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பச்சை குத்துவது ஹராம் என்பதைக் கேட்பவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு. புதுச்சேரியிலும் சென்னையிலும் உள்ள அழகு நிலையங்களில் புருவத்துக்கு இரண்டு வகையான சிகிச்சை சொல்கிறார்களாம். ஒன்று நிரந்தரம், மற்றொன்று அரை நிரந்தரம். முதலாவது கூடாது என்றால், ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை நிரந்தரம் என்பது அழகு நிலையங்கள் வைத்த பெயர். மார்க்கச் சட்டம் அறிந்த பிரிவினை அன்று. நிறம் எத்தனை நாள் நிற்கிறது என்பதைவிட, அது எவ்வழியாக உள்ளே சென்றது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

மைக்ரோபிளேடிங்கில் வரிசையாக அடுக்கிய நுண்ணிய ஊசிமுனைகளால் தோலில் மயிரிழை போன்ற கீறல்களை இட்டு, அவற்றுள் நிறமியைப் பதிக்கிறார்கள். பவுடர் பிரோஸ் என்பதில் இயந்திர ஊசி புள்ளி புள்ளியாகக் குத்துகிறது. நிரந்தர ஒப்பனை எனப்படுவதிலும் நடப்பது இதுவே. ஆழமும் நிறமியும் மாறுகின்றன, அவ்வளவுதான். "இது மேல்தோலோடு நின்றுவிடும், பச்சை போல உள்ளே போகாது" என்று சொல்லிச் சமாதானப்படுத்துகிறார்கள். இதை நம்புமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில், சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ, முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. நிறம் அங்கேயே தங்கியிருந்தால் அடுத்த பிறை மாதம் முடிவதற்குள் அது உதிர்ந்து போயிருக்க வேண்டும். ஓராண்டுக்கும் மேல் நிற்கிறதென்றால், அது மேல்தோலைக் கடந்து உட்தோலுக்குள் சென்றுவிட்டது என்பதே பொருள். அதாவது, பச்சை தங்கும் அதே இடம். மங்கிய பிறகும் பலருக்கு அது முற்றாக மறைவதில்லை. செம்மையாகவோ நீலம் பாய்ந்த சாம்பலாகவோ எஞ்சி நிற்கிறது. அதை மறைக்க மீண்டும் ஊசி. அரை நிரந்தரம் என்று தொடங்கியவள் பத்தாண்டில் எத்தனை முறை குத்தியிருப்பாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'வஷ்ம்' என்பதை விவரிக்கும் முறை இங்கு கவனிக்கத்தக்கது. ஊசியால் தோலைக் குத்திக் குருதி கசிந்தபின் அங்கே சுர்மா போன்றதை நிரப்புவது. அதனால் அவ்விடம் பச்சை நிறம் கொள்ளும் என்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்லும் பச்சை குத்துதல் என்பதே! அந்த விளக்கத்தில் ஊசி இருக்கிறது, குருதி இருக்கிறது, நிறம் இருக்கிறது. எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பச்சை குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் அல்லாஹ் சபித்தான் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதைக் கேட்ட உம்மு யஃகூப் என்ற பெண்மணி, குர்ஆன் முழுவதையும் ஓதிய தமக்கு இது அதில் தென்படவில்லையே என்று நேரில் சென்று கேட்டார். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சினங்கொள்ளாமல் ஸூரத்துல் ஹஷ்ரின் 7ஆம் வசனத்தைச் சுட்டினார்கள். உங்கள் மனைவியே இவற்றில் ஒன்றைச் செய்கிறார் போலும் என்று அவர் ஐயுற்றபோது, வீட்டுக்குள் சென்று பார்க்கச் சொன்னார்கள். சென்று பார்த்தவர் அப்படி எதையும் காணவில்லை. கேள்வி கேட்கும் பெண்களைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்த நிகழ்வை நினைவில் வைக்க வேண்டும்.

உளூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் புருவம் அடர்த்தியாக இருந்தாலும் முடியின் அடியிலுள்ள தோல்வரை நீர் சேர்வது கட்டாயம். மைக்ரோபிளேடிங் செய்தவர்களிடமோ ஒரு வாரம், பத்து நாள் புருவத்தில் நீர் படக்கூடாது, வெயிலும் வியர்வையும் ஆகாது என்கிறார்கள். நம் மரக்காணத்தில் வெயிலும் வியர்வையும் இல்லாத வாரம் எது? உப்பளத்துக்குச் செல்லும் பெண்களின் புருவத்தில் வியர்வை காய்ந்து உப்பே பூத்துவிடுகிறது. நோயின்றித் தானே ஒரு காயத்தை வரவழைத்துக்கொண்டு, ஐவேளை உளூவுக்குச் சலுகை தேடுவதை என் மனம் ஏற்கவில்லை.

உடல்நலத்தை மருத்துவர்களே விரித்துரைக்க வேண்டும். இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். தூய்மையற்ற ஊசியால் ஹெப்படைட்டிஸ் பி, சி பரவக்கூடும். நம் நாட்டில் பச்சை குத்தியவர்களிடம் ஓராண்டு இரத்த தானம் பெறுவதில்லை. பச்சை, நிரந்தர ஒப்பனை ஆகியவற்றின் மைகளில் சேரும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதித்துள்ளது.

நோயால் புருவம் இழந்தவர்களின் நிலை வேறு. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் தைராய்டுக் குறைபாட்டிலும் புழுவெட்டிலும் முடி உதிர்கிறது. அபூதாவூதில் இடம்பெறும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில், இந்தத் தடையோடு நோயின்றி என்ற சொல் சேர்ந்து வருகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களைப் பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும் அறிவோம். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் எடுத்த முடிவில், உதிர்ந்த முடியை, குறிப்பாகப் பெண்களுக்கு, நட்டுச் சீரமைப்பதை அனுமதித்துள்ளது. ஆகவே இத்தகையோர் தோல் மருத்துவரிடம் முதலில் காரணத்தைக் கண்டறியட்டும். பல வேளைகளில் மருந்திலேயே முடி மீண்டும் முளைக்கிறது. முளைக்காதபோது அடுத்தது என்ன என்பதை, மருத்துவரின் சொல்லோடு ஓர் ஆலிமிடம் சென்று கேட்கட்டும்.

மற்றவர்களுக்கு வழியே இல்லையா? புருவப் பென்சில் இருக்கிறது. ஆனால் நீர் புகாத வகை என்றால் உளூவுக்கு முன் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். மருதாணிச் சாயம் வெறும் நிறமாகவே நிற்பதால் நீரைத் தடுக்காது; சில நாளில் போய்விடும். இதிலும் ஓர் எச்சரிக்கை: மருதாணி கருப்பாக நிறம் தராது. கருகருவென்று நிறம் தருவதாகச் சொல்லும் 'கருப்பு மருதாணி'யில் பி.பி.டி. என்ற முடிச்சாய வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். கண்ணுக்கு இவ்வளவு அருகில் அதைத் தடவ வேண்டாம். (புருவ முடியைப் பறித்துத் திருத்துவது தனி விவாதம்; அதை இங்கே எடுக்கவில்லை.)

பெண் பார்க்க வந்த இடத்தில், "பிள்ளைக்குப் புருவமே இல்லையே" என்று காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண் ஊசியைத் தேடிப் போவது பல வேளைகளில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான்.

அறியாமல் முன்னரே செய்துகொண்ட பெண்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் தவ்பா செய்துகொள்ளட்டும். தீங்கின்றி நீக்க முடியுமானால் நீக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். உறுப்புக்குக் கேடோ முகத்தில் கடும் வடுவோ வரும் என்று அஞ்சினால் அது கடமையாகாது. ஹனஃபீ மத்ஹபில், கழுவினாலே அவ்விடம் தூய்மையாகிவிடும். புருவ நிறமிகளில் சில, லேசர் பட்டதும் மங்குவதற்குப் பதிலாக மேலும் கறுத்துவிடுவதும் உண்டு. எனவே மருத்துவரைக் கேளாமல் லேசருக்கும் ஓட வேண்டாம். இந்த நிலையிலுள்ள மருமகளின் தொழுகை கூடுமா கூடாதா என்று அடுப்பங்கரையில் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஐயமிருந்தால் அவளே தன் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளியட்டும்.

வல்லாஹு அஃலம்.