மண்டகப்பட்டு: கழித்துக் கட்டிய கோயில்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஊரை ஒட்டிய சிறு பாறைக்குன்று ஒன்றில் ஒரு கோயில் குடையப்பட்டிருக்கிறது. முன்வரிசையில் நடுவே 2 முழுத்தூண்கள், ஓரங்களில் பாறையோடு ஒட்டிய 2 அரைத்தூண்கள். இரு பக்கமும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே பின்சுவரில் 3 சிறு அறைகள். மூன்றும் இன்று வெறுமையாக உள்ளன. மாமல்லபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும்.

இந்தக் கோயிலின் புகழுக்குக் காரணம் அதன் கல்வெட்டு. அது வடமொழியில் அமைந்த ஒரே ஒரு செய்யுள். விசித்திரசித்தன் என்ற அரசன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து ஆகியவை இல்லாமல் அயன், அரன், அரி மூவருக்கும் இக்கோயிலை எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

இந்தச் செய்தியைப் பலர் பெருமைக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இது ஒரு பொறியியல் குறிப்பும்கூட. அப்படி வாசிக்க வேண்டுமானால், விலக்கப்பட்ட நான்கு பொருள்களும் ஒரு கட்டடத்தில் என்ன வேலை செய்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

அன்றைய கோயில் கீழிருந்து மேலே எழுந்தது. செங்கல் சுமையைத் தாங்கியது. சாந்து செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்தது. மரம் தூணாகவும் உத்திரமாகவும் நின்று கூரையை ஏந்தியது. ஆணியும் பட்டையுமாக உலோகம் மரத்தை மரத்தோடு இறுக்கியது. இப்படிப்பட்ட கட்டடத்தின் பலவீனம் பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும். மழை நீர் இணைப்பு வழியே இறங்கும்; கறையான் ஏறும்; ஆணி துருப்பிடிக்கும். தமிழகத்தில் மகேந்திரவர்மனின் காலத்துக்கு முந்தைய செங்கல், மரக் கோயில்கள் ஏறக்குறைய எல்லாமே மறைந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்து உருவாக்கிய கோயிலில், இணைப்பே கிடையாது. தூண், உத்திரம், கூரை, சுவர் எல்லாம் ஒரே கல். இங்கே சிற்பி எதையும் சேர்ப்பதில்லை, வேண்டாததை நீக்குகிறான். அதனால் வேலையின் வரிசையே மாறிவிடுகிறது. கட்டடத்தில் அடித்தளம் முதலில், கூரை கடைசியில். குடைவரையில் கூரையின் உயரத்தில் வேலையைத் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் வசதி. வெட்டாத பாறையே நிற்பதற்கு இடமாகிறது. சாரம் கட்டும் தேவை வெகுவாகக் குறைகிறது.

உலோகம் இல்லாமல் என்பதை உளியும் இல்லாமல் என்று புரிந்துகொள்ளக் கூடாது. கட்டடத்தின் உறுப்பாக உலோகம் இல்லை என்பதே பொருள். உளி இல்லாமல் இந்தப் பாறையில் ஒரு அங்குலமும் நகர முடியாது. உளியோடும்கூட அது எளிதல்ல. கருங்கல்லில் உள்ள படிகக் கனிமமான குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. எனவே உளி கல்லை அறுப்பதில்லை. ஒவ்வொரு அடியும் உளிமுனைக்கு அடியில் உள்ள படிகங்களை நொறுக்கிச் சில்லாகத் தெறிக்கச் செய்கிறது. அதற்குள் முனையும் மழுங்குகிறது. மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் திரும்பத் தர வேண்டும். ஆகவே பாறையில் எத்தனை பேர் வெட்டினார்களோ, அவர்களுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் உலைகள் எரிந்திருக்க வேண்டும். கல்வெட்டு கொல்லரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அரசர்களின் கல்வெட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

வெட்டிய முறையை எப்படி அறிகிறோம்? முடிந்த கோயில் தன் வழிமுறையைக் காட்டாது. கடைசிக் கட்டத்தில் செதுக்கிய உளி முதல் கட்டத்தின் தடயங்களை அழித்துவிடுகிறது. முடியாமல் நின்றுபோன வேலைகள்தான் ஆசிரியர்கள். மாமல்லபுரத்தில் அவை நிறையவே உள்ளன. அங்கே ஒற்றைக்கல் கோயில்களான வலையன்குட்டை, பிடாரி ரதங்களில் மேற்பகுதி செதுக்கி முடிந்திருக்கிறது. அடிப்பகுதி கரட்டுப் பாறையாகவே நிற்கிறது. மேலிருந்து கீழே வேலை நடந்ததற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. முற்றுப்பெறாத குடைவரைகள் அடுத்த படியைக் காட்டுகின்றன. பாறையின் முகத்தை முதலில் சமதளமாக்கினார்கள். பிறகு அதில் ஆழமான கோடுகளை நெடுக்கும் குறுக்குமாக வெட்டினார்கள். கோடுகளுக்கு இடையே சதுரக் கட்டிகள் துருத்தி நின்றன. அவற்றைப் பக்கவாட்டில் தட்டி உடைத்தார்கள். மறுபடி கோடு, மறுபடி கட்டி. பாறையைப் பொடியாக்குவதைவிடக் கட்டியாக உடைப்பதில் உழைப்பு குறைவு. தூண் வர வேண்டிய இடங்களைத் தடிமனாக விட்டுவைத்துக் கடைசியில் அளவுக்குச் செதுக்கினார்கள். கூடுதலாக விட்ட கல்லைப் பிறகு குறைக்கலாம். குறைந்துபோன கல்லை ஒட்ட முடியாது.

மண்டகப்பட்டுத் தூண்களின் வடிவமும் இந்தக் கணக்கைச் சொல்கிறது. அடியிலும் மேலும் சதுரம். நடுவே எட்டுப் பட்டை. சதுரத் தூணின் நான்கு மூலைகளை நடுப்பகுதியில் மட்டும் சீவினால் இந்த வடிவம் கிடைத்துவிடும். தூணின் தலையில் போதிகை இருக்கிறது. போதிகை என்பது தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையில் இருபுறமும் நீண்டு நிற்கும் தாங்குகட்டை. மரக் கட்டடத்தில் அதற்கு உண்மையான வேலை உண்டு: உத்திரம் தாங்கலின்றி நிற்கும் தூரத்தை அது குறைக்கிறது. ஒரே கல்லான குடைவரையில் அந்த வேலைக்கு அவ்வளவு அவசியமில்லை. ஆனாலும் அது வைக்கப்பட்டது. மரத்தை விலக்கியதாகச் சொல்லும் கோயிலே மரத்தச்சரின் வடிவங்களைக் கல்லில் எழுதிவைத்திருக்கிறது.

தூண்கள் வெறும் அலங்காரமும் அல்ல. கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானது. அகலமான கூரையின் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடக்கூடும். இடையிடையே தூண் நின்றால் அந்த அகலம் சிறு சிறு பகுதிகளாகப் பிரிகிறது. வெடிப்பில்லாத பாறையைத் தேர்வதும், மேலே போதிய கனத்தை விட்டுவைப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்த அறிவு எப்போதாவது தொலைந்ததா? கல்வேலை தொலையவில்லை, மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் இன்றும் கேட்கிறது. தொலைந்தது வரலாறு. மாமல்லபுரத்து ரதங்களை மக்கள் பாண்டவர் பெயரால் அழைத்தார்கள். பல்லவர் நினைவிலிருந்து நழுவிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டபோதுதான் அவர்கள் மீண்டார்கள். அக்காலத்தில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், தூண், போதிகை போன்ற உறுப்புகள் காலந்தோறும் மாறிய விதத்தைக் கொண்டு பல்லவக் கோயில்களை வரிசைப்படுத்தினார். கே. ஆர். சீனிவாசன் குடைவரைகளை ஒவ்வொன்றாக அளந்து விவரித்த நூல் 1964இல் வந்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் மண்டகப்பட்டின் எளிமைக்கு ஒரு பொருள் கிடைக்கிறது: அது தொடக்க நிலையின் எளிமை. அருகிலுள்ள தளவானூர்க் குடைவரையில் தூண்களுக்கு இடையே மகர தோரணம் வந்துவிடுகிறது. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையில் இருப்பது ஒரே ஒரு சிறு அறைதான்; ஆனால் மண்டகப்பட்டைப் போல அது வெறுமையாக இல்லை, திருமால் நிற்கிறார்.

இத்தாலியில் பழைய கட்டடக்கலையை மீட்டறிவது வேறு வழியில் நடந்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிய நூலின் ஒரு படியை இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினி 1416இல் செயின்ட் கால் மடத்தில் கண்டார். அதன் பிறகு அந்நூல் பரவலான கவனம் பெற்றது. ஆனால் மூலப் படங்கள் அதில் இல்லை. எனவே நூலைப் புரிந்துகொள்ள அறிஞர்கள் இடிபாடுகளை அளந்தார்கள். 1511இல் ஜொகொண்டோ துறவி புதிய படங்களோடு அதைப் பதிப்பித்தார். அங்கே நூல் இருந்தது, கட்டடத்தோடு ஒப்பிட்டார்கள். மகேந்திரவர்மனின் சிற்பிகள் அப்படி ஒரு கையேட்டை நமக்கு விட்டுச் செல்லவில்லை. இருப்பது ஒரு செய்யுளும் உளித்தடங்களும்தான்.

கல்வெட்டின் உரிமைகோரலையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பாதாமியின் மூன்றாம் குடைவரை 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அஜந்தா அதைவிடப் பழையது. குடையும் கலை இங்கே பிறக்கவில்லை. பாதாமியின் மணற்கல்லைவிடக் கடினமான கருங்கல்லில் அதைச் செய்துகாட்டியது பல்லவரின் பங்கு. மூன்று அறைகளிலும் முதலில் ஓவியமோ, சுதையோ, மர உருவமோ இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் வாசலில் விலக்கிய பொருள்களில் ஒன்றிரண்டு கருவறைக்குள் நுழைந்திருக்கின்றன.

உளித்தடங்களே சான்று என்றால் அவற்றைக் காப்பதும் முக்கியம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு என்று 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் சொல்கிறது. முடிந்த கோயிலுக்கு அது போதுமானதாக இருக்கலாம். கோடு மட்டும் போட்டுக் கைவிட்ட பாறைகள், கல்லைப் பிளக்க வெட்டிய ஆப்புக் குழிகள், சோதித்துப் பார்த்த உளித்தடங்கள் ஆகியவை இந்த எல்லைக்கு வெளியேயும் இருக்கக்கூடும். திண்டிவனம் வட்டாரத்தில் கல்குவாரிகள் இயங்கிவரும் நிலையில், வெடி வைக்கும் முன்பே இந்தத் தடங்களைத் தேடிப் படமெடுத்து அளந்துவைப்பது பெரிய செலவில்லாத வேலை.