கிள்ளியவரே தொட்டிலை ஆட்டுகிறார்!



2024ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். கென்யாவின் தலைநகரமான நைரோபியில், புதிய வரிச்சுமையை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தனர். காவல் துறையின் துப்பாக்கிகள் முழங்கின. தெருவிலே பிணங்கள் விழுந்தன. அதே நாளில், கடல்கடந்த ஹைட்டி நாட்டின் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில் கென்யக் காவலரின் முதல் அணி வந்திறங்கியது. எதற்காக? அமைதி காக்க! சொந்த மக்களைச் சுட்ட துறை, அயலார் உயிரைக் காக்கப் புறப்பட்டது!

அந்தக் காவலர்மீது நமக்குப் பகையில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் சீருடை அணிந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் சிலர் ஹைட்டி மண்ணிலேயே உயிரிழந்தனர். நம் வழக்கு, அவர்களை அனுப்பியவர்களோடுதான்.

காவலரை அனுப்புவது அரசமைப்புக்கு முரண் என்று கென்ய உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியிலேயே தீர்ப்பளித்தது. ஆட்சியாளர் அடங்கினரா? மார்ச் முதல் நாள், ஹைட்டிப் பிரதமர் ஏரியல் ஹென்றியை நைரோபிக்கு வரவழைத்து ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவரோ மக்கள் வாக்களித்து வந்தவரல்லர். நாடு திரும்பவும் அவரால் இயலவில்லை. அம்மாதமே பதவி விலகுவதாக அறிவித்தார். சொந்த மண்ணிலே கால்வைக்க முடியாதவரின் கையெழுத்து, அந்த மண்ணின் மக்கள் விடுத்த அழைப்பாகிவிடுமா?

ஹைட்டியில் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலை கிடையாது. பின், கொலைக் கும்பல்களின் கைகளிலே துப்பாக்கி முளைத்தது எப்படி? பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து, சிறப்பாகப் புளோரிடாவிலிருந்து வந்தவை என்று ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகமே 2023இல் எழுதியது. கென்ய அணிக்குப் பெரும்பொருள் தந்ததும் அதே அமெரிக்காதான்! தன் வீரரை அனுப்ப மட்டும் அது மறுத்துவிட்டது. பணம் வாஷிங்டனுடையது, உயிர் நைரோபியுடையது! பிள்ளையைக் கிள்ளிய கையே தொட்டிலையும் ஆட்டுகிறது. தொட்டில் கயிற்றைப் பிடிக்க மட்டும் கூலிக்கு ஆள்!

விளைந்த பயன் என்ன? 2,500 பேர் என்றனர்; ஏறத்தாழ 1,000 பேரே சேர்ந்தனர். 2024இல் மட்டும் ஹைட்டியில் 5,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது ஐ.நா. கணக்கு. 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அவை, அந்த அணிக்கு வேறு பெயர் சூட்டி, 5,550 பேராக்க ஒப்புதல் தந்தது.

பழைய மருந்து, புதிய சீசா! 1915 முதல் 1934 வரை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்த அமெரிக்காவும், தன் அதிகாரிகளின் தலைமையிலே ஒரு காவற்படையை அமைத்துப் 'பயிற்சி' தந்தது. 2004 முதல் 2017 வரை ஐ.நா. படை தங்கியது. 2010இல் அதன் முகாமிலிருந்து ஆற்றிலே கலந்த காலரா, ஏறத்தாழ 10,000 உயிர்களைக் குடித்தது. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

"அப்படியானால் மக்களைக் கும்பல்களிடம் விட்டுவிடுவதா?" என்று கேட்பர்; லைபீரியாவைச் சுட்டுவர். 2007 முதல் 2016 வரை இந்தியப் பெண் காவலர் அணி அங்கே நற்பெயர் ஈட்டியது மெய், பெருமைக்குரியது. ஆனால், அங்கே 2003இலேயே உடன்படிக்கை கண்டு, ஆயுதங்களைக் களைந்து, 2005இல் மக்கள் வாக்களித்தனர். அதன் பின்னரே நம் பெண்கள் காவல் நின்றனர். வந்த அமைதியைக் காக்கலாம். வராத அமைதியைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியுமா?

புளோரிடாவிலே துப்பாக்கியைத் தடுத்து நிறுத்துக! மண்ணின் மொழி அறிந்த ஹைட்டிக் காவலனுக்கு ஊதியமும் கருவியும் தருக! அவனைத் தட்டிக்கேட்கும் உரிமையை அந்நாட்டு மக்களின் வாக்குக்குத் தருக! ஏனெனில், காவலன் எவருக்குப் பதில் சொல்கிறானோ, அவரைத்தான் காப்பான்.

தோழர்களே! 'அமைதி காக்கக் காவலர் புறப்பட்டனர்' என்ற செய்தியை இனிப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: துப்பாக்கி எவருடையது? பணம் எவருடையது? பிணம் எவருடையது? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கைதட்டாதீர்கள்!