தீவன மூட்டையில் என்ன இருக்கு? சொல்ல மறுப்பது ஏன்?

கறிக்கோழி வளர்ப்போரே! கறவை மாடு வைத்திருக்கும் தாய்மார்களே!

ஆன்டிபயாடிக் மருந்துகள் மனுஷனுக்கே கேட்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர் பண்ணையைக் கைகாட்டுகிறார். கால்நடைக்காரர் மருந்துக்கடையைக் கைகாட்டுகிறார். கடைசியில் பழி விழுவது யார் தலையில்? நம்ம தலையில்தான்!

கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகப் போடுவது. அதைத்தான் கோழி சீக்கிரம் எடை ஏறணும்னு தீவனத்தில் கலந்து விற்றார்கள். இந்த மருந்துக்கு அடங்காத தன்மை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பது 2015-லேயே சீனாவில் தெரிந்துவிட்டது. சீனா 2017-ல் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய நாடுகள் வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கும் கலக்கக் கூடாதென்று 2006-லேயே தடுத்துவிட்டன. நமது மத்திய அரசு கோழி, கால்நடை, மீன், தீவனம் எல்லாவற்றுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில்! அதுவரை லாபம் பார்த்தவன் எவன்? நாமா?

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு கம்பெனியுது, தீவனம் கம்பெனியுது, மருந்தும் கம்பெனியுது. கொட்டகையும் கரண்டு பில்லும் ராத்திரித் தூக்கமும் மட்டும் நம்முது. மூட்டையில் என்ன கலந்திருக்குன்னு கேட்டா, "வளர்க்கிற வேலையைப் பாருங்க"ன்னு பதில். அந்தக் கொட்டகையில் மூச்சு விடுவது நாம். அந்த எருவை அள்ளி வயலில் போடுவதும் நாம்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு, மறைக்க வேண்டாம். மாட்டுக்கு மடிநோய் வந்தா கடையில் கேட்டு ஊசி வாங்கிப் போடுறோம். ரெண்டு ஊசியில் வீக்கம் வத்தினா நிறுத்திடுறோம். அன்னைக்குப் பாலை அன்னைக்கே சொசைட்டியில் ஊத்துறோம். ஏன்? டாக்டர் வர ரெண்டு நாள். ஊசி போட்ட பாலைக் கீழே கொட்டினால் அந்த வாரக் கடனை யார் கட்டுவது?

முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டோடு, பதிவேட்டில் எழுதித்தான் விற்கணும்னு 2014-லிருந்து சட்டம் இருக்கு. சுகாதாரம், கால்நடை, வேளாண்மை, சுற்றுச்சூழல் எல்லாத் துறையும் ஒண்ணா உட்காரணும்னு 2017-ல் தேசியச் செயல்திட்டமும் போட்டாச்சு. பக்கத்துக் கேரளா 2018-ல் தன் மாநிலத் திட்டத்தைப் போட்டது. 2024-ல் சீட்டில்லாமல் விற்ற கடைகளில் சோதனையும் நடத்தியது. திட்டம் காகிதத்தில் கிடந்தால் போதுமா? கிராமத்துக்கு வர வேண்டாமா?

அரசே! தீவன மூட்டையில் கலந்த மருந்தின் பெயரைத் தமிழில் அச்சடிக்கச் சொல்! கால்நடை மருந்தகக் காலியிடங்களை நிரப்பு! மருந்து போட்ட நாட்களில் ஊற்ற முடியாத பாலுக்கு இழப்பீடு கொடு! மாவட்டம்தோறும் எல்லாத் துறை அதிகாரிகளும் உட்காரும் குழுவில் விவசாயிக்கும் நாற்காலி போடு!

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், காலை 10 மணிக்குக் கலெக்டர் அலுவலகத்தில் திரளுவோம். வரும்போது உங்க வீட்டுக் காலி மருந்துக் குப்பியையும் தீவனச் சாக்கையும் மறக்காமல் கொண்டு வாங்க. கலெக்டர் மேஜை மேலேயே வைப்போம்!