கறுப்புப் பட்டை என்ன பாவம் செய்தது?

எங்கள் ஆனைக்குட்டத்தில் யார் வீட்டில் புது டிவி வந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு பஞ்சாயத்து வரும். படம் ஓடும்போது மேலேயும் கீழேயும் கறுப்பாக ஒரு பட்டை. "காசு குடுத்தது முழு டிவிக்குத்தானே, இது என்ன முக்கா டிவி?" என்று ரிமோட்டை எடுத்து ஜூம் போடுவார்கள். பட்டை போய்விடும். கூடவே கதாநாயகி பக்கத்தில் நின்றவனும் போய்விடுவான். யாருக்கும் கவலை இல்லை.

எனக்குக் கவலை இருக்குங்க. அந்தப் பட்டை டிவியின் பழுது இல்லை மக்களே. படத்தை முழுதாகக் காட்டுகிறார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கொஞ்சம் கணக்கு. பழைய பெட்டி டிவி 4:3. அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.33. சினிமாஸ்கோப்பில் அகலம் 2.35. டிவி வந்து தியேட்டர் கூட்டத்தைத் தின்ன ஆரம்பித்ததும், வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டுவோம் என்று ஹாலிவுட் 1953-ல் 'தி ரோப்' படத்தோடு இறக்கியது இது. இந்தியில் 1959-ல் குரு தத்தின் 'காகஸ் கே பூல்'. தமிழில் 1973-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்'. இந்த மாதிரிப் படத்தைப் பெட்டி டிவி நிரம்பக் காட்ட வேண்டுமென்றால் நூற்றுக்கு 43 பங்கை வெட்டிக் கடாச வேண்டும்.

விசிடி காலத்தில் அதைத்தான் செய்தார்கள். வீட்டில் பழைய விசிடி கிடந்தால் போட்டுப் பாருங்கள். டைட்டில் ஓடும்போது எல்லோரும் நெட்டையாக, ஒல்லியாக, பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி வருவார்கள். (வெட்டினால் பெயர்கள் பாதியில் போய்விடுமே, அதனால் நசுக்கியிருப்பார்கள்.) 'இயக்கம்' என்று பெயர் மறைந்த அடுத்த நொடி, படார் என்று எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். வெட்டு ஆரம்பம்! இயக்குனரின் பெயரை முழுசாகக் காட்டிவிட்டு, அவர் எடுத்ததை வெட்டுகிற மரியாதை.

அன்றைக்கு அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். விசிடியில் இருப்பதே 288 வரி. பட்டை விட்டுக் காட்டினால் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 163 வரி. பதினாலு இஞ்ச் டிவியில் மூஞ்சியே தெரியாது. இன்றைக்கு 1080 வரி டிவியில் சினிமாஸ்கோப் படத்துக்கு 817 வரி கிடைக்கிறது. இனி என்ன சாக்கு?

இதைவிட எரிச்சல் மறுபக்கம்தான். டிவி அகலமானதும் பழைய 4:3 படங்களுக்குப் பிடித்தது சனி. இப்போது கறுப்பு இடமும் வலமும் வர வேண்டும். அதுவும் பொறுக்காமல் தலையையும் காலையும் வெட்டி அகலத்தை நிரப்புகிறார்கள். இதைப் 'புதுப்பித்தல்' என்று வேறு சொல்கிறார்கள். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' 2012-ல் சினிமாஸ்கோப் என்ற விளம்பரத்தோடு மறுபடி தியேட்டருக்கு வந்தது. கறையைத் துடைத்து, ஒலியைச் சுத்தம் செய்வது நல்ல வேலை, கும்பிடலாம். ஆனால் 1.37 அகலத்தில் எடுத்த படத்துக்கு 2.35 எங்கிருந்து வரும்? ஒன்று இழுக்க வேண்டும், இல்லை மேலும் கீழும் நூற்றுக்கு 42 பங்கு வெட்ட வேண்டும். ஹேமநாத பாகவதர் கதையில் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் எல்லாமே சிவாஜியாக ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பாரே, அதை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், 'திருவிளையாடல்' இயக்கியதும் அதே ஏ.பி.நாகராஜன். குறுகலான சட்டமும் தெரியும், அகலமான சட்டமும் தெரியும் அவருக்கு. அந்தந்தப் படத்துக்கு அந்தந்த அளவில் ஆட்களை நிறுத்தினார். 1977-லேயே காலமானவரிடம் யார் போய்க் கேட்பது? நக்கீரர் வேடம் கட்டி சிவபெருமானிடமே குற்றம் சொன்னவர். இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா!

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர்கள் வெட்டுவதற்கென்றே ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக அச்சடிப்பார்கள், எதுவரை வெட்டலாம் என்று கோடும் இருக்கும். கட்டிங் மெஷினில் நிற்கிற அண்ணன் கோட்டைத் தாண்டி முருகன் கிரீடத்தை வெட்டிவிட்டு, "சுவத்துல ஆணிக்குச் சரியா இருக்கும்ல" என்று சொன்னால் முதலாளி விடுவாரா? சினிமாவில் மட்டும் விடுகிறோம்.

"படம் பிடிச்சவங்களே சும்மா இருக்காங்க, உனக்கென்ன?" என்பான் என் வகுப்பு நண்பன். சும்மா இல்லை மாப்ள, கேட்க வழியில்லை. வூடி ஆலன் 'மன்ஹாட்டன்' படத்தைப் பட்டையோடுதான் வீடியோவில் விட வேண்டும் என்று எண்பதுகளிலேயே பிடிவாதம் பிடித்துச் சாதித்தார். நம் ஊரில் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு 'ஆசிரியர்' தயாரிப்பாளர். படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கிற உரிமையை 57-வது பிரிவு கொடுப்பது ஆசிரியருக்கு. அப்படியென்றால் இயக்குனர், ஒளிப்பதிவாளர்? நம்மோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பார்க்கிறவன் ஜூம் போட்டால் போகிறது, அவன் வீடு, அவன் ரிமோட். மறுபடி அமுக்கினால் முழுப் படம் திரும்பி வந்துவிடும். வெளியிடுகிறவன் வெட்டினால் அது வராது. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இன்று கிடையாது. இப்படிக் கோட்டைவிட்ட ஊரில், நாளைக்கு நெகட்டிவ் போய் வெட்டிய பிரதி மட்டும் மிஞ்சினால், வெட்டியதுதான் படம் என்று ஆகிவிடும்.

வெட்டித்தான் விற்பேன் என்றால் அதையாவது சொல்லி விற்கட்டும். ஓடும் நேரம் போடுகிறார்கள், ஒலி என்ன என்று போடுகிறார்கள். பக்கத்தில் இன்னும் ஒரு வரி: எடுத்த அளவு இவ்வளவு, காட்டுகிற அளவு இவ்வளவு. எங்கள் ஊர்ப் பக்கம், பத்து வெடி என்று அச்சடித்த பெட்டியில் ஆறை வைத்து விற்றுப் பார்க்கட்டும், தெரியும் சேதி.