ஓடையல்ல, கழி

மான்கூர்டைத் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியதும் பெட்டிக்குள் ஓரிருவர் எழுந்து வாசலருகே வருவார்கள். கையில் பாலிதீன் பை. உள்ளே வீட்டு பூஜையில் வாடிய பூக்கள். ஒரு கும்பிடு, ஒரு வீச்சு. சிலர் காசும் போடுவதுண்டு. கங்கைக்கும் காவிரிக்கும் செய்கிற மரியாதை. சிக்கல் என்னவென்றால், வாஷிக்கு வரும் வழியில் கீழே கிடப்பது நதியே அல்ல.

அது தானே க்ரீக். மராத்தியில் ‘காடி’. (வண்டிக்கும் தமிழில் இதே எழுத்துகள்தான் என்பதால் ‘காடி காடியைக் கடக்கிறது’ என்று எழுதி வாசகரைத் திணறடிக்கலாம்.) ஆங்கிலச் செய்தியில் ‘க்ரீக்’ வந்தால் அகராதியைத் திறக்காமலே ‘ஓடை’ என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பு மேஜையின் பழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். பல வருடம் கழித்துத்தான் உறுத்தியது.

‘க்ரீக்’ வடக்கத்திய கடலோடிகளின் சொத்து என்று கருதப்படுகிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘க்ரிகி’ என்றால் மூலை, வளைவு. தண்ணீரே இல்லாத சொல். ஆங்கிலத்தில் அது கடல் நிலத்துக்குள் நுழையும் குறுகிய மடிப்பைக் குறித்தது. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனபோது பொருள் புரண்டது. கரையோர மடிப்புக்கு வைத்த பெயர், அதில் வந்து விழும் சிற்றாறு முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது என்று காரணம் சொல்வார்கள். நம்முடைய ‘ஓடை’ அந்த அமெரிக்க க்ரீக். மும்பையிலும் துபாயிலும் இருப்பவையோ பழைய பொருளில் வரும் க்ரீக்.

வித்தியாசம் சின்னதல்ல. கட்ச் எல்லையில் இந்தியாவும் பாகிஸ்தானும் சுமார் 96 கிலோமீட்டர் நீளமுள்ள சர் க்ரீக்குக்காக மல்லுக்கட்டுகின்றன. எல்லைக்கோடு நீரோட்டத்தின் நடுவே என்கிறது இந்தியா. கிழக்குக் கரை என்கிறது பாகிஸ்தான். அந்தக் கோடு எங்கே கடலைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து இரு நாடுகளின் கடல் பரப்பும் மாறும். ‘ஓடை’ என்று எழுதினால், ஓர் ஓடைக்கா இத்தனை சண்டை என்று வாசகர் சிரிப்பார்.

தமிழில் சொல் இல்லாமலில்லை. சங்கப் புலவர்கள் நெய்தல் பாடல்களில் ஓயாமல் புழங்கிய சொல், ‘கழி’. உப்பங்கழி, கழிமுகம் என்று இன்றும் மிச்சமிருக்கிறது. ‘கழிவு’ என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போனது அதன் துரதிர்ஷ்டம். நகரங்கள் அந்த ஓசையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டன போலும்.

ஓடை ஒரு திசையில் ஓடும். கொடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். கழி அப்படியல்ல. தினம் இரண்டு முறை கடல் உள்ளே வரும், இரண்டு முறை திரும்பும். 2005 ஜூலை 26 அன்று மும்பை இதை உயிரைக் கொடுத்துக் கற்றது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மிட்டி ஆறு போய்ச் சேருமிடம் மாகிம் கழி. அங்கே கடல் ஏறி நின்ற நேரத்தில் மழைநீர் போக வழியில்லை. அந்தக் கழியை ஒட்டித்தான் தாராவி. மாகிம் க்ரீக்கைச் சாக்கடை ஓடை என்று நினைத்து, குப்பை கொட்டி ஓரங்களைத் தூர்த்துக்கொண்டே போன நகரம், தண்ணீர் ஏன் திரும்பி வருகிறது என்று அன்றைக்குத் திகைத்தது.

தானே கழிக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது. 2015இல் அதன் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமானது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் சேற்றுத் திட்டுகள் இளஞ்சிவப்பாகின்றன. ரயில் வாசலில் நிற்பவர்களும் பார்க்கிறார்கள், பையை வீசிவிட்டு.

நீர் வற்றும் நேரத்தில் வாஷிக் கரையில் போய் நின்றால், அலையாத்தி வேர்களில் அந்தப் பைகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். உள்ளே பூக்கள் அழுகிக் கிடக்கும். கடலுக்குப் போயிருக்கும் என்று வீசியவர் நம்பிக்கொண்டிருப்பார். ஓடை என்று எழுதிய நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.