கடிகாரங்கள் ஒத்துப்போவது எப்படி?

மாமல்லபுரத்தில் கதிரவன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய 50 விநாடிகள் கழிந்த பின்னரே செங்கற்பட்டில் உச்சிப்பொழுது ஆகிறது. கிழக்கேயுள்ள ஊருக்குப் பகல் முந்துகிறது. நிழலைப் பார்த்து வேலை செய்த காலத்தில் இவ்வேறுபாட்டால் எவருக்கும் தீங்கில்லை. புகைவண்டி வந்ததும் நிலைமை மாறியது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வண்டிகள் ஓடும்போது, நிலையத்துக்கு நிலையம் கடிகாரம் முரண்பட்டால் உயிருக்கே ஆபத்தன்றோ?

ஆகவே ஒரு பொது நேரம் வேண்டியதாயிற்று. சென்னையில் 1792ஆம் ஆண்டு எழும்பிய வானாய்வுக் கூடத்தின் நேரத்தையே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியப் புகைவண்டிகள் பின்பற்றின. தந்திக் கம்பி அந்நேரத்தை ஊர்தோறும் கொண்டு சென்றது. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது.

அன்று நிலையங்களுக்கு இருந்த சிக்கலே இன்று கணிப்பொறிகளுக்கும் உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. வெப்பத்தாலும் குளிராலும் அது சிறிது முந்தும், அல்லது பிந்தும். இதற்குத் தீர்வாக அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த முறை 1985இல் வெளியாயிற்று.

முறை எளியது. ஒரு கணிப்பொறி, சரியான நேரம் அறிந்த மற்றொன்றை, "மணி என்ன?" என்று கேட்கிறது. பதில் வந்து சேர்வதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுமே! கேள்வி சென்று பதில் திரும்ப, ஒரு விநாடியை ஆயிரமாய்ப் பகுத்ததில் 40 பங்கு ஆயிற்றென்றால், அதில் பாதியாகிய 20 பங்கைப் பதிலுடன் கூட்டிக்கொள்கிறது. ஒருவர் சொல்லை மட்டும் நம்பாமல் பலரைக் கேட்கிறது. மற்றவற்றோடு பொருந்தாத விடையை ஒதுக்குகிறது. இப்படிப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டே மேலே சென்றால், முடிவில் நிற்பது அணுக் கடிகாரம். நம் நாட்டின் பொதுநேரத்தைப் புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அத்தகைய கடிகாரங்களைக் கொண்டே காத்துவருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சற்றே முந்திவிட்ட கடிகாரத்தின் முள்ளைச் சட்டென்று பின்னே திருப்புவதில்லை. அதை மெதுவாக ஓடவிட்டு, உண்மை நேரம் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள். ஏன்? சென்னையிலிருந்து மகன் அனுப்பிய பணத்தைச் செங்கற்பட்டில் தாய் எடுக்கிறாள் என்று கொள்வோம். நடுவே கடிகாரம் பின்னோக்கிப் போனால், பணம் வருமுன்னே அதை எடுத்துவிட்டதாகக் கணக்குக் காட்டும்!

எந்தக் கடிகாரமும் தானாகவே என்றும் சரியாயிருப்பதில்லை. அடிக்கடி பிறரைக் கேட்டு, சிறிது சிறிதாகத் தன்னைத் திருத்திக்கொள்வதாலேயே அது நம்பத்தக்கதாகிறது.